கடலோரம் வீடு கட்டியவர்கள் எழுதி வைத்தவை

கடற்கரையில் தங்களுக்கென ஒரு ஓய்வு வீடு கட்டிக்கொண்டவர்கள் எழுதி வைத்த பழைய குறிப்புகளைத் தேடிப் படிப்பது எனக்கு ஒரு கிறுக்கு. அலை, நிலா, சூரியோதயம் வரும் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிடுவேன். அதைக் கடலுக்கு ஒருநாள் போய்வந்தவர்கூட எழுதிவிடலாம். குடிதண்ணீர் எங்கே கிடைத்தது, உப்புக்காற்றில் எந்தச் செடி பிழைத்தது, யார் வேலை செய்தார்கள் என்று எழுதுகிறவர்தான் உண்மையில் வீடு கட்டியவர். இது என் கட்சி.

இந்த வகையில் நான் படித்ததில் மிகப் பழையது, சுமார் 1900 வருடங்களுக்கு முன் இளைய பிளினி என்ற ரோமானிய எழுத்தாளர் தன் நண்பர் காலஸுக்கு எழுதிய கடிதம். வீடு ரோமிலிருந்து 17 ரோமானிய மைல் தள்ளி, லாரெண்டம் கடற்கரையில். நகரத்தில் அன்றைய வேலையை முடித்துவிட்டே அங்கே போய்த் தங்கலாம் என்கிறார். அப்புறம் பெருமை ஆரம்பிக்கிறது. சாப்பாட்டுக் கூடத்தில் மூன்று பக்கமும் கதவும் ஜன்னலும் வைத்ததால் மூன்று கடல்களைப் பார்ப்பது போல் இருக்குமாம். வெந்நீர்க் குளத்தில் நீந்திக்கொண்டே கடலைப் பார்க்கலாமாம். சரி, பணக்காரர் வீடு, இருக்கட்டும்.

ஆனால் திடீரென்று ஒரு தோட்டக்காரர் போலப் பேசுகிறார். நடைபாதை ஓரத்தில் பாக்ஸ் என்ற பசுமை மாறாத புதர்ச்செடியை வேலியாக வைத்திருக்கிறார். கட்டடம் மறைக்கும் இடத்தில் அது செழிப்பாக வளர்கிறது. திறந்த வெளியில் காற்று பட்டு, தூரத்திலிருந்து தெறித்து வரும் கடல் துளி பட்டுக் காய்ந்துபோகிறது. அந்த இடங்களில் மட்டும் ரோஸ்மேரி என்ற வாசனைச் செடி. செடி கருகியதைப் பார்த்தவர்தான் இதை எழுத முடியும். அந்தக் கூடத்தின் மூன்று கடல்களைவிட இந்த வேலிதான் எனக்கு அந்த வீட்டைக் கண்ணில் காட்டுகிறது.

(இடையில் ஒன்று. பிளினி அங்கே கோடையில் தங்குவதில்லை. கோடைக்கு டஸ்கனி மலையடிவார வீடு, லாரெண்டம் குளிர்காலத்துக்கு. கோடையில் எத்ரூரியக் (அதாவது டஸ்கனிப் பக்கத்து) கடற்கரை உடம்புக்கு ஆகாது என்று அவரே இன்னொரு கடிதத்தில் சொல்கிறார். கடலில் குளித்தால் நோய் தீரும் என்று இங்கிலாந்து மருத்துவர்கள் பரிந்துரைத்து, கூட்டம் கடற்கரைக்குப் படையெடுத்ததெல்லாம் 18ஆம் நூற்றாண்டுக் கதை.)

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். ஓடும் தண்ணீர் இல்லை என்பது ஒன்றுதான் அந்த வீட்டின் குறை என்று பிளினி ஒப்புக்கொள்கிறார். ஆனால் எங்கே தோண்டினாலும் உடனே தண்ணீர், கடல் அவ்வளவு பக்கத்தில் இருந்தும் உப்புக் கரிக்கவில்லை என்கிறார். 1925இல் அமெரிக்காவின் கேப் காட் மணல்மேட்டில் எழுத்தாளர் ஹென்றி பெஸ்டன் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டார். இரண்டே அறை, 20 அடிக்கு 16 அடி, ஆனால் பத்து ஜன்னல். அவரும் இதையேதான் எழுதுகிறார். மணலில் குழாயை நேராக இறக்கினால் நல்ல தண்ணீர். மழைநீர் கடல்நீரைவிட அடர்த்தி குறைந்தது. மணலுக்குள் இறங்கிய மழைநீர், அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கும். அளவாக எடுத்தால் இனிக்கும், பேராசைப்பட்டு இறைத்தால் உப்பு ஏறிவிடும். இரண்டு வாரம் தங்கப் போன பெஸ்டன் ஒரு வருடம் இருந்துவிட்டார். கடல் நெருங்க நெருங்க வீட்டை நகர்த்திப் பார்த்தார்கள். 1978 பிப்ரவரிப் புயல் கொண்டுபோய்விட்டது.

பிளினி மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. எத்தனை அடி நீளம், என்ன செலவு, யார் கட்டினார்கள் என்று ஒரு வார்த்தை கிடையாது. அடிமைகளுக்கும் விடுதலை பெற்றவர்களுக்குமான அறைகள் வருகின்றன. எதற்கு? விருந்தாளிகளையே தங்க வைக்கும் அளவுக்கு அவை சுத்தம் என்று சொல்வதற்கு! பலன் என்ன? 17ஆம் நூற்றாண்டிலிருந்து எத்தனையோ கட்டடக் கலைஞர்கள் அந்தக் கடிதத்தை வைத்து வரைபடம் போட்டுவிட்டார்கள், ஆளுக்கொரு வீடு. வீடு நின்ற இடம் எது என்பதிலேயே ஆய்வாளர்களுக்குள் இன்னும் தகராறு.

இதற்கு நேர் எதிர் பின்லாந்தின் க்ளூவ்ஹாருன். மூமின் என்ற சிறுவர் கதைப் பாத்திரங்களை உருவாக்கிய டூவே யான்சனும் அவருடைய துணை டூலிக்கி பியெட்டிலாவும் 1964–65இல் அந்தப் பாறைத்தீவில் ஒரே அறை கொண்ட குடில் கட்டினார்கள். நான்கு பக்கமும் ஜன்னல். மின்சாரம் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது. இடத்தை அடைத்துக்கொண்டிருந்த பெரிய பாறையை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அனுமதி வரும்வரை காத்திருக்காதீர்கள், இப்போதே கட்டத் தொடங்குங்கள், கூரைச் சட்டம்வரை எழும்பிவிட்டால் இடிக்கச் சொல்ல முடியாது என்று யோசனை சொன்னவர் புரூன்ஸ்ட்ரம் என்ற தீவுப்பகுதிக்காரர். கட்டும் வேலையை முன்நின்று செய்தவரும் அவர்தான். (இந்த ஆள் எல்லா ஊரிலும் உண்டு!) வீடு முடிந்த பிறகும் விருந்தாளிகளுக்குக் குடிலை விட்டுவிட்டு இரண்டு பெண்களும் கூடாரத்திலேயே படுத்துக்கொண்டார்கள்.

பல வருடம் கழித்து யான்சன் அந்தத் தீவைப் பற்றி எழுதியபோது, தன் எழுத்துக்கு நடுவே புரூன்ஸ்ட்ரமின் வேலைக் குறிப்பையும் அப்படியே சேர்த்தார். என்றைக்கு என்ன காற்று, என்ன வேலை நடந்தது என்று சுருக்கமாக, வறட்டுத்தனமாக இருக்கும். ஒரு வர்ணனை கிடையாது. நிலாவெல்லாம் அவருக்கு வேலைக்கு ஆகாத சமாச்சாரம். யான்சன் பெரிய எழுத்தாளர், மறுக்கவில்லை. ஆனாலும் எனக்கு அந்த வீடு எழும்புவது தெரிவது புரூன்ஸ்ட்ரமின் வரிகளில்தான்.

லாரெண்டத்திலும் எவரோ ஒரு மேஸ்திரி மெழுகுப் பலகையில் கணக்குக் கீறி வைத்திருப்பார். அது மட்டும் கிடைக்குமென்றால் அந்த மூன்று கடல் வர்ணனையை மொத்தமாக விட்டுக்கொடுக்க நான் தயார்.