'கர்னலை' விட்டுவிட்டு சொலூச்சிடம் வாருங்கள்

ஈரானிய நாவலாசிரியர் மஹ்மூத் தௌலதாபாதி என்றதும் எல்லோரும் 'கர்னல்' நாவலைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். 1980களில் எழுதப்பட்டு, ஈரானில் அனுமதி கிடைக்காமல், 2009இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்த புத்தகம். தடை என்று கேட்டாலே நமக்கு ஒரு கிளுகிளுப்பு. நல்ல நாவல்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை மட்டும் படித்துவிட்டு அவரை 'எதிர்ப்பு எழுத்தாளர்' என்று முத்திரை குத்தி மூலையில் வைப்பது எரிச்சலூட்டுகிறது.

1940இல் குராசான் பகுதியில், சப்சவார் அருகேயுள்ள தௌலதாபாத் கிராமத்தில் பிறந்தவர். வயல் கூலி, செருப்புத் தைப்பது, முடி திருத்துவது என்று கிடைத்த வேலையெல்லாம் பார்த்துத் தெஹ்ரான் போய் மேடை நடிகரானவர். 1974இல், அப்போதைய ஈரான் மன்னர் ஷாவின் ரகசியப் போலீஸான சாவாக் அவரைப் பிடித்தது. என்ன குற்றம் என்று கேட்டாராம். குற்றமொன்றும் இல்லை, நாங்கள் கைது செய்கிற எல்லோரிடமும் உங்கள் நாவல்கள் இருக்கின்றன என்றார்களாம். (எந்த விருதுக் குழுவும் இதைவிடப் பெரிய பாராட்டுரை எழுதிவிட முடியாது.) சிறையில் பேனாவும் தாளும் இல்லை. மனத்துக்குள்ளேயே ஒரு நாவலைக் கட்டியெழுப்பி, விடுதலையானதும் 70 இரவுகளில் எழுதி முடித்தார். அதுதான் 'காணாமல் போன சொலூச்'.

மெர்கான் தலையணையிலிருந்து தலையைத் தூக்கும்போது கணவன் சொலூச் இல்லை. ஏன் போனான், எங்கே போனான்? பதில் கிடையாது. இரண்டு மகன்கள், ஒரு மகள், பசி. ஷாவின் நிலச்சீர்திருத்தக் காலம். ஊருக்கு டிராக்டர் வருகிறது, ஏழைகள் பாடுபட்ட தரிசு நிலம் கைமாறுகிறது. மெர்கான் தன் துண்டு நிலத்தை விட மறுத்து அங்கேயே கிடக்கிறாள். எதிரே டிராக்டரில் இருப்பவன் அவள் பெற்ற மகன் அப்ராவ். மூத்தவன் அப்பாஸ், மதம்பிடித்த ஒட்டகத்துக்குப் பயந்து பாழுங்கிணற்றுக்குள் இறங்கி, மேலே வரும்போது தலைமுடி வெளுத்துப்போயிருக்கிறது. அந்தக் கிணற்றுப் பக்கங்களைத் தாண்டாமல் இந்த மனிதரைப் பற்றி யாரும் கருத்துச் சொல்லக் கூடாது என்பேன்.

'கர்னலில்' ஈரானியப் புரட்சி தன் பிள்ளைகளைத் தின்கிறது. அதைச் சொல்லப் பல நாட்டிலும் எழுத்தாளர்கள் உண்டு. டிராக்டரில் உட்கார்ந்த மகனையும் வெறுக்க முடியாதபடி எழுத, கூலி வேலை செய்து பசி பார்த்தவரால்தான் முடிகிறது.

அவர் 15 ஆண்டுகள் உழைத்த 'கெலிதர்' நாவல் 10 பாகங்கள், சுமார் 3,000 பக்கங்கள். அதற்குத் துணிவதற்கு முன் சொலூச்சைப் படித்துவிடுங்கள். ஆங்கில மொழிபெயர்ப்பு கிடைக்கிறது. தமிழில் செய்ய நினைக்கும் பதிப்பாளர்களும் இதிலிருந்தே தொடங்கலாம்.