கறுப்புத் திரைக்கு முன்னால் யார் உட்காருவது?

"மாமா, கேமிங் பிசி அசெம்பிள் பண்றதா, ரெடிமேடா வாங்குறதா?" அக்கா மகன் கேட்டான். பத்து வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் யோசிக்காமல் சொல்லியிருப்பேன்: நீயே மாட்டு, விலையும் கம்மி. இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

விலை ஒரு நிலையில் நின்றால்தானே? 2021-ல் கம்ப்யூட்டரை ஓட்டிக் கிரிப்டோ நாணயம் சம்பாதிக்கும் மைனிங் ஆட்கள் கிராபிக்ஸ் கார்டுகளை அள்ளிக்கொண்டு போனபோது, கார்டுக்காகவே முழு கம்ப்யூட்டரை வாங்கியவர்கள் உண்டு. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங்கைக் கைவிட்ட பிறகுதான் அந்தக் கூத்து அடங்கியது. 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை விழுங்க, ரேம் விலை எகிறியது. அதனால் "அசெம்பிள் பண்ணினால் மலிவு" என்பதை வேதவாக்காக எடுக்காதீர்கள். வாங்குகிற வாரத்தில் இரண்டையும் கூட்டிப் பாருங்கள், அவ்வளவுதான்.

ரெடிமேடில் எனக்குக் கோபம் விலை மேல் இல்லை, அவர்கள் எழுதாமல் விடுவதன் மேல். ப்ராசஸர் பெயரும் கார்டு பெயரும் கொட்டை எழுத்தில் இருக்கும். பவர் சப்ளைக்கு "650 வாட்" என்று ஒரு வரி, யார் தயாரித்தது என்று மூச்சு விட மாட்டார்கள். கார்டு ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ என்பார்கள், அதன் மெமரி 8 ஜிபியா 16 ஜிபியா என்று நாம்தான் தோண்ட வேண்டும். 16 ஜிபி ரேமை ஒரே குச்சியாகச் சொருகியிருப்பார்கள். இரண்டு 8 ஜிபி போட்டால் டூயல் சேனலில், அதாவது இரண்டு பாதையில் ஓடும். ஒற்றைக் குச்சிக்கு அந்தப் பாதையில் பாதிதான். சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) ஒழுங்காகத் தெரியும், சண்டை சூடு பிடிக்கும் நேரத்தில் படம் திக்கும். நண்பர் ஒருவர் வாங்கிய பெட்டியில் வேகம் 6000 என்று அச்சிட்ட ரேம் ஒரு வருஷமாக 4800-ல் ஓடிக்கொண்டிருந்தது. பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை), ரேமை அச்சிட்ட வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்போ என்ற ஒரே ஒரு அமைப்பை ஆன் செய்யாததுதான் காரணம். கொடுத்த காசு சும்மா தூங்கியிருக்கிறது.

சரி, நாமே மாட்டினால்?

டிடிஆர்5 என்ற புதுத் தலைமுறை ரேம் போட்ட என் முதல் பிசியை ராத்திரி உட்கார்ந்து மாட்டி முடித்து ஸ்விட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. அணைத்துப் போட்டேன். மறுபடி கறுப்பு. ரேமைக் கழற்றி மாட்டினேன். கேபிளை மாற்றினேன். மதர்போர்டு போச்சு என்றே முடிவு கட்டி, அணைக்கக்கூட மனமில்லாமல் குளிக்கப் போய்விட்டேன். வந்து பார்த்தால் பயாஸ் திரை பல்லிளித்துக்கொண்டு நிற்கிறது. முதல் தடவை டிடிஆர்5 தன்னைச் சரிபார்த்துப் பழகச் சில நிமிஷம் எடுக்குமாம். பாதியில் நான் அணைத்த ஒவ்வொரு தடவையும் அது பாவம் முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறது.

எனக்கு அந்த ராத்திரி பிடித்திருந்தது. பிடிக்காதவர்களும் இருப்பார்கள், அதில் தப்பே இல்லை. ரெடிமேட் பெட்டி படுத்தால் அப்படியே தூக்கிக் கொடுத்துவிடலாம். அசெம்பிள் செய்ததில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனி வாரண்டி உண்டு, ஆனால் எந்தப் பாகம் படுத்தது என்று கண்டுபிடிப்பது நம் வேலை. மாற்றிப் பார்க்க இன்னொரு பவர் சப்ளை எத்தனை வீட்டில் இருக்கிறது?

அதனால் அக்கா மகனிடம் நடுவழி ஒன்று சொன்னேன்: பாகங்களை நீ தேர்ந்தெடு, மாட்டும் வேலையைக் கடையில் கொடு. எல்லாம் பொது அளவுப் பாகங்களாக இருக்கட்டும். சில பெரிய கம்பெனிகள் போர்டையும் பவர் சப்ளையையும் தங்களுக்கென்று தனி வடிவத்தில் செய்கின்றன. நாளைக்கு ஒன்றை மாற்ற நினைத்தால் உள்ளே உட்காராது. பொதுப் பாகத்தின் அருமை, ஏஎம்டி ப்ராசஸர்களை மாட்டும் ஏஎம்4 சாக்கெட்டில் தெரிந்தது. 2017-ல் வந்த பல போர்டுகளில் பயாஸை மட்டும் புதுப்பித்து, 2022-ல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி ப்ராசஸரைப் போட முடிந்தது.

நேற்று லிஸ்ட் அனுப்பியிருந்தான். கலர் கலராக எரியும் ஃபேன் ஏழு, மாடல் நம்பரோடு. பவர் சப்ளைக்கு நேராக, "ஏதாவது ஒண்ணு".