மீன் சாகவில்லை என்பதாலேயே அது நல்ல தண்ணீர் ஆகிவிடாது

ஒரு ரசாயனம் நீர்நிலைக்கு ஆபத்தா என்று பார்க்கும் அடிப்படைச் சோதனை 96 மணி நேரம் நடக்கும். அதற்குள் எத்தனை மீன் செத்தது என்று எண்ணுவார்கள். அந்தக் கணக்கை மட்டும் நம்புவது பெரிய தப்பு என்பேன். பதற்றத்தைக் கூட்டும், குறைக்கும் மருந்துகளை மீன்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளைப் படித்தால் ஏனென்று புரியும்.

வண்ண மீன் கடைகளில் கிடைக்கும் ஜீப்ரா மீன்தான் இதில் அதிகம் பயன்படுகிறது. கங்கைப் பக்கத்து மீன். புதுத் தொட்டியில் விட்டால் முதலில் அடியில் பதுங்கும், கொஞ்ச நேரத்தில் பயம் தெளிந்து மேலே வரும். காபியில் இருக்கும், பதற்றத்தைக் கூட்டும் காஃபின் அதிகம் கலந்த நீரில் இருந்த மீன் அவ்வளவு சீக்கிரம் மேலே வராது. செவுளும் கண்ணும் மட்டும் அசைய, அடியிலேயே உறைந்து நிற்கும். அப்புறம் திடீரென்று தாறுமாறாகப் பாயும். இப்படி நீந்தும் மீனோடு பக்கத்து மீன் எப்படிச் சேர்ந்து போகும்?

கூட்டம்தான் சின்ன மீனுக்குக் காவல். காயம்பட்ட மீனின் தோலிலிருந்து கசியும் பொருள் மற்ற மீன்களை மிரள வைப்பதை விலங்கியல் ஆய்வாளர் கார்ல் வான் ஃபிரிஷ் 1938-லேயே எழுதினார். அந்த வாடை பட்டதும் மீன்கள் நெருங்கிக் கூடும். பயம் அங்கே உயிர் காக்கிற வேலை செய்கிறது.

சரி, பயத்தைக் குறைத்தால்? 2013-ல் ஸ்வீடனின் உமேயோ பல்கலைக்கழகத்தார் பெர்ச் என்ற நன்னீர் மீன்களை ஆக்சசெபம் என்ற பதற்றத் தணிப்பு மருந்து கலந்த நீரில் விட்டார்கள். லிட்டருக்கு 1.8 மைக்ரோகிராம்தான். மீன்கள் கூட்டத்தை அவ்வளவாக நாடவில்லை, அதிகம் அலைந்தன, வேகமாகத் தின்றன. 96 மணி நேரக் கணக்கில் இதற்கு இடமே இல்லை.

ஆய்வகத்தில் கொடுக்கும் காஃபின் அளவு ஆறுகளில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் காபி குடிப்பவர்கள் பயப்பட வேண்டாம். ஆனால் ஆக்சசெபம் விஷயம் வேறு. அது சிறுநீர் வழியாகச் சாக்கடைக்குப் போய், சுத்திகரிப்பு நிலையத்தையும் தாண்டி ஆற்றுக்கு வருகிறது. மிச்ச மாத்திரையைக் கழிப்பறையில் கொட்டாதீர்கள் என்று சொன்னால் மட்டும் போதாது. ஸ்வீடனின் லின்ஷோப்பிங் நகரம் 2017-ல் கழிவுநீரில் உள்ள மருந்தெச்சங்களை ஓசோனால் சிதைக்கும் அமைப்பை நிறுவியது. புதிதாகக் கட்டும் ஒவ்வொரு சுத்திகரிப்பு நிலையத்திலும் அதற்கு இடம் வேண்டும். சோதனைகளில் மீன் கூட்டத்தோடு நீந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும்.