மூணாவது சென்சாரும் மாத்தியாச்சு, லைட்டு அணைஞ்சுச்சா?

இன்னைக்கும் ஒரு மைவி கார். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துப் பையனோட காடி, டர்போ கிட் (எக்ஸோஸ் வேகத்துல சுத்தி என்ஜினுக்குள்ள காத்தை அழுத்துற சாமான்) போட்டது. மீட்டர்ல என்ஜின் லைட்டு எரியுது. முன் சீட்டுல மூணு ஆக்சிஜன் சென்சார் (புகையில மிச்சமிருக்கிற ஆக்சிஜனை அளக்குறது) பெட்டி, மூணும் காலி. ஸ்கேனர்ல பி0171ன்னு கோளாறு நம்பர் வருது, அதனால சென்சார் போயிடுச்சுன்னு பட்டறையில சொல்லியிருக்காங்க. மூணு தடவையும் அதே பேச்சு! முதல் சென்சார் மாத்தி ஒரு வாரத்துல லைட்டு திரும்பி வந்தப்பவே, கோளாறு வேற இடத்துலன்னு உறைக்க வேணாமா?

பி0171ன்னா "சென்சார் செத்துப்போச்சு"ன்னு அர்த்தம் இல்ல. எக்ஸோஸ்ல, அதாவது புகைக் குழாயில, ஆக்சிஜன் அதிகமா தெரியுது, இசியு (என்ஜின் கம்ப்யூட்டர்) பெட்ரோலைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தும் சரிக்கட்ட முடியலன்னு அர்த்தம். அந்த ஆக்சிஜன் எங்கேருந்து வருதுன்னு தேடுறதுதான் மெக்கானிக் வேலை. சொன்னவன் வாயை அடைச்சா சங்கதி பொய்யாயிடுமா?

அந்தக் காடியோட ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிப் பாருங்க. நாலுமே கரி. விரலால தொட்டா மை மாதிரி ஒட்டுது, பெட்ரோல் வாடை மூக்கைத் துளைக்குது. ஸ்கேனர் லீன்னு (பெட்ரோல் கம்மி) சொல்லுது, பிளக் ரிச்சுன்னு (பெட்ரோல் அதிகம்) சொல்லுது. ரெண்டும் ஒரே என்ஜின்! இதைப் பார்த்ததும் கை நின்னிருக்கணும். அடுத்து ஃபியூல் டிரிம், அதாவது இசியு பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுது, குறைக்குதுங்கிற கணக்கு. ஐடல்ல (ஆக்சிலரேட்டரை மிதிக்காம என்ஜின் சும்மா ஓடுறப்போ) லாங் டெர்ம் டிரிம் 20 சதவீதத்துக்கு மேல நிக்குது, 2500 ஆர்பிஎம்ல பிடிச்சா கடகடன்னு இறங்குது. பெட்ரோல் பத்தலன்னா லோடு ஏற ஏற டிரிம் கூடணும். இங்க நேர்மாறு.

உடனே "வேக்குவம் லீக்" (என்ஜினுக்குக் காத்து போற வழியில ஓட்டை)னு ஒருத்தர் கிளம்பி, டியூப் எல்லாத்தையும் மாத்தியிருக்கார். உள்ள போற காத்தை நேரா அளக்குற மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள காடிக்கு அது சரி, அளக்காத காத்து உள்ள வந்தா லீன் ஆகும். இது மேப் சென்சார் காடி, காத்துக் குழாயான இன்டேக் மேனிஃபோல்டுல அழுத்தத்தைப் பார்த்துக் காத்தைக் கணக்குப் போடுறது. திராட்டிலுக்கு (காத்தைத் திறந்து மூடுற வால்வு) பின்னாடி காத்து வந்தா மேனிஃபோல்டு அழுத்தம் ஏறும், மேப் அதைப் பார்த்துப் பெட்ரோலையும் கூட்டிடும். ஐடல் ஏறுமே தவிர இப்படி லீன் காட்டாது. வீடியோவுல எவனோ வேற காடிக்குச் சொன்னதை இதுக்குச் செஞ்சா எப்படி?

ஓட்டை இருந்தது எக்ஸோஸ் மேனிஃபோல்டும் (என்ஜின்லேருந்து புகை வெளிய வர்ற குழாய்) டர்போவும் சேர்ற ஃபிளேஞ்ச்ல, அதாவது நட்டு போட்டு முறுக்குற தட்டுல; அங்க நட்டு கழண்டிருந்தது. ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னாடி. காலையில ஸ்டார்ட் பண்ணினதும் டிக் டிக்னு சத்தம், சூடாகி இரும்பு விரிஞ்சதும் நின்னுடும். ஃபிளேஞ்ச் ஓரத்துல கருப்பா புகைக்கோடு. எக்ஸோஸ் காத்து அடிச்சு அடிச்சுப் போகும்போது, ஒவ்வொரு அடிக்கும் நடுவுல வெளிக்காத்தை உள்ளே இழுக்குது. சென்சார் அந்தக் காத்தைத்தான் பார்க்குது. உண்மையைத்தான் சொல்லுது! இசியு அதை நம்பிப் பெட்ரோலைக் கொட்டுது. அது சிலிண்டர் சுவர்ல இருக்கிற எண்ணெயைக் கழுவி, என்ஜின் ஆயிலோட கலந்து, புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் எரிக்கிற வரைக்கும் போகும். மூணு சென்சார் காசு மட்டுமா நட்டம்?

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மெஷின் வேணாம். என்ஜின் ஆறினதும் வேக்குவம் கிளீனரோட ஊதுற பக்கத்தை எக்ஸோஸ் வாலுல துணி சுத்திச் சொருகுங்க. ஜாயிண்ட்ல சோப்புத் தண்ணி தெளிங்க. நுரை பொங்குற இடம்தான் ஓட்டை. சென்சார் மேல சந்தேகமா? என்ஜின் ஐடல்ல இருக்கும்போது, பத்தவைக்காத கேஸ் டார்ச்சை ஏர் ஃபில்டர் வாயில கொஞ்சமா காட்டுங்க, ஸ்கேனர்ல சென்சார் 0.8 வோல்ட்டுக்கு மேல தாவணும். ஓட்டும்போது கியர்ல வச்சு ஆக்சிலரேட்டரை விட்டா 0.1க்குக் கீழ விழணும். தாவுது, விழுதுன்னா சென்சார் உயிரோட இருக்கு. அவ்வளவுதான்!

ஃபிளேஞ்ச்ல இருந்த பழைய கேஸ்கெட் (ஜாயிண்ட் நடுவுல வைக்கிற தகடு) மேல சிவப்பு சிலிக்கான் பசை வேற அப்பியிருந்தாங்க. டர்போ வாயில 800 டிகிரிக்கு மேல போற இடம் அது, சிலிக்கான் எத்தனை நாளைக்குத் தாங்கும்? எரிஞ்ச ஆவி நேரா சென்சார் மூக்குல போய்ப் படிஞ்சு, புது சென்சாரையும் கெடுக்கும். ஃபிளேஞ்ச்ல நேர்கோல் வச்சு வளைவு பார்த்து, வளைஞ்சிருந்தா லேத்துல முகத்தைச் சீவிச் சமமாக்கி, பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட் போட்டு, செம்பு லாக் நட்டு மாட்டி, ஒருமுறை சூடாகி ஆறினதும் திரும்ப முறுக்குங்க. அந்தக் கடைசி முறுக்கை யாருமே செய்யிறதில்ல!

இன்னொண்ணு வயித்தெரிச்சல். ஒவ்வொரு தடவையும் பேட்டரியைக் கழட்டி லைட்டை அணைச்சிருக்காங்க. கோளாறு விழுந்த நேரத்துல ஆர்பிஎம் என்ன, லோடு என்ன, தண்ணிச் சூடு என்னன்னு இசியு எழுதி வச்ச ஃப்ரீஸ் ஃபிரேம் மொத்தமும் போச்சு. டிரிம் கணக்கும் போச்சு. முதல்ல அதைப் படம் பிடிச்சு வைங்கய்யா, அப்புறம் அழிங்க!

அந்த நட்டு ஏன் கழண்டதுன்னு கேட்டா, தோட்டத்துப் பாதையில ஒரு முழத்துக்கு ஒரு குழி. குழி தோண்டினது செம்பனை லோரி. அந்த லோரிக்காரங்க வலை போட்டுக் குலையை மூட மாட்டாங்களா? வளைவுல உதிர்ந்த பழம் நசுங்கி ரோடெல்லாம் எண்ணெய். காலையில ஸ்கூல் பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு மோட்டார்ல அந்த வளைவுலதான் போறாங்க. வலைக்கு எத்தனை வெள்ளி ஆயிடப் போகுது?