சமுதாயக் கல்லூரி அணிகளின் செலவை மறைக்காமல் எழுதுங்கள்

அமெரிக்காவின் இரண்டாண்டு சமுதாயக் கல்லூரிகளில் விளையாட்டு அணிகளை மூடிவிட வேண்டும் என்போரும், அந்த அணிகள் தங்கள் செலவைத் தாங்களே ஈட்டிக்கொள்கின்றன என்போரும் ஒரே பிழையான கணக்கை வைத்துக்கொண்டுதான் வாதாடுகிறார்கள் என்பது என் கருத்து. அரிசோனாவில் மாரிகோபா கவுண்டியில் (பீனிக்ஸ் நகரை உள்ளடக்கிய நிர்வாகப் பகுதி) வீடு வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்கள் கட்டும் சொத்து வரியில் ஒரு பகுதி, இங்குள்ள பத்துக் கல்லூரிகளை நடத்தும் சமுதாயக் கல்லூரி மாவட்டத்துக்குப் போகிறது. நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே இந்தக் கல்லூரிகளில் பாடம் எடுத்துக் கல்லூரி மதிப்பெண் அலகுகளைச் சேர்க்கிறார்கள். எனவே இதை அயலார் வீட்டு விவகாரமாக நான் பார்க்கவில்லை.

1901இல் இல்லினாயில் தொடங்கிய ஜோலியட் கல்லூரிதான் நாட்டின் முதல் பொதுச் சமுதாயக் கல்லூரி. அதன் வழியில் வந்த கல்லூரிகளுக்கு நுழைவுத் தடை கிடையாது, கட்டணம் குறைவு, மாணவர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போய்க்கொண்டே பகுதி நேரமாகப் படிப்பவர்கள். நான்காண்டுப் பல்கலைக்கழகங்களின் அமைப்பு இவர்களைத் தன் தடகளப் போட்டியில் சேர்த்துக்கொள்ள மறுத்ததால், 1938இல் இளநிலைக் கல்லூரிகள் (சமுதாயக் கல்லூரிகளின் பழைய பெயர்) தமக்கென்று ஒரு தேசிய விளையாட்டுச் சங்கத்தை அமைத்துக்கொண்டன. அந்தச் சங்கத்தின் முதல் பிரிவில் இருக்கும் கல்லூரி கட்டணம், தங்குமிடம், உணவு, புத்தகம் எல்லாவற்றுக்கும் விளையாட்டு உதவித்தொகை தரலாம். இரண்டாம் பிரிவில் கட்டணமும் புத்தகமும் மட்டும். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்காக எதுவும் தரக்கூடாது. எந்தப் பிரிவில் ஆடுவது என்று கல்லூரி எடுக்கும் முடிவே அதன் செலவின் பெரும்பகுதியைத் தீர்மானித்துவிடுகிறது.

பெரிய பல்கலைக்கழகங்களுக்குத் தொலைக்காட்சி உரிமைப் பணம் வருகிறது. 2025இல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுடன் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டாலர் வரை பகிர்ந்துகொள்ளலாம் என்ற நிலை அங்கே வந்துவிட்டது. சமுதாயக் கல்லூரிக்கு அப்படி எந்த வருமானமும் இல்லை. நுழைவுச் சீட்டு விற்பனை பல இடங்களில் நடுவர் கூலிக்கே போதாது. பயிற்றுநர் சம்பளம், பேருந்து, வெளியூர் விடுதி, தலைக்கவசம், காப்பீடு, மைதானப் பராமரிப்பு ஆகியவற்றை மாணவர் கட்டணமோ கவுண்டி வரியோ மாநில மானியமோ கல்லூரியின் பொதுநிதியோதான் தாங்குகிறது.

இந்த இடத்தில்தான் கணக்கு கலங்குகிறது. கூட்டாட்சி அரசின் மாணவர் உதவித் திட்டத்தில் பங்குபெற்று, விளையாட்டு அணியும் நடத்தும் ஒவ்வொரு கல்லூரியும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அணிவாரியாக வீரர் எண்ணிக்கையையும் வரவு செலவையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். நல்ல சட்டம், எவரும் இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் படிவத்தில் கல்லூரி தன் பொதுநிதியிலிருந்து அணிக்குக் கொடுக்கும் பணமும் ‘வருவாய்’ என்ற தலைப்பிலேயே ஏறுகிறது. ஆகையால் பல கல்லூரிகளின் கணக்கைப் புரட்டினால் வரவும் செலவும் ஒரு டாலர்கூடப் பிசகாமல் சமமாக நிற்பதைக் காணலாம். தந்தை கொடுத்த கைச்செலவுப் பணத்தை மகன் தன் சம்பாத்தியமாக எழுதிக்கொள்வதைப் போன்றது இது. மைதானம் கட்டுவது, செயற்கைப் புல்லை மாற்றுவது போன்ற மூலதனச் செலவுகள் அந்தச் செலவுக் கணக்கில் வருவதில்லை. பொய் சொல்லவேண்டும் என்று யாரும் உட்கார்ந்து எழுதியதாக நான் நினைக்கவில்லை. படிவம் கேட்கும் விதத்திலேயே பதில் அமைந்துவிடுகிறது. ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு “எங்கள் அணிகள் நட்டத்தில் இல்லை” என்று ஆட்சிக் குழுவின் முன் ஒருவர் பேசும்போது அது பொய்யாகிவிடுகிறது.

அடுத்து வருவது மாணவர் சேர்க்கை வாதம். போட்டியில் ஆடும் மாணவர் பொதுவாக ஒரு பருவத்துக்குப் பன்னிரண்டு அலகுகளாவது எடுத்து முழுநேர மாணவராக இருக்க வேண்டும். ஆகவே ஓர் அணியைத் தொடங்கினால் அத்தனை முழுநேர மாணவர்கள் உறுதியாகக் கிடைப்பார்கள், அவர்களின் கட்டணமும் அவர்கள் தலைக்கு மாநிலம் தரும் மானியமும் செலவை ஈடுகட்டும் என்கிறார்கள். சேர்க்கை சரிந்துகொண்டிருக்கும் சிற்றூர்க் கல்லூரிகளின் தலைவர்களுக்கு இது மிகவும் கவர்ச்சியான வாதம், முற்றிலும் பொய்யானதும் அல்ல. ஆனால் முதல் பிரிவுக் கல்லூரி அந்த மாணவரின் கட்டணத்தைத் தானே தள்ளுபடி செய்துவிட்டு அதையே வரவாகக் காட்டினால் அது காகித வரவுதான். தள்ளுபடி இல்லாத இடங்களில் கட்டணம் பெரும்பாலும் ஏழை மாணவர்களுக்குக் கூட்டாட்சி அரசு தரும் பெல் நிதியிலிருந்து வருகிறது.

அந்த நிதியைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். பெல் உதவியின் உச்ச அளவு 2024-25 கல்வியாண்டில் 7,395 டாலர். அதை ஒருவர் வாழ்நாளில் பன்னிரண்டு பருவங்களுக்கு இணையான அளவுக்கு மேல் பெற முடியாது. விளையாட வந்த ஓர் இளைஞர், பின்னால் தனக்குப் பயன்படாத பாடங்களை ஆட்டத் தகுதிக்காக மட்டும் எடுத்து, இரண்டாண்டு கழித்து வெறுங்கையோடு ஊர் திரும்பினால், அவர் இழந்தது நேரம் மட்டுமல்ல. பின்னாளில் செவிலியர் படிப்புக்கோ மின்பணிப் படிப்புக்கோ வந்து சேர்ந்தால் கிடைத்திருக்கக்கூடிய உதவியில் மூன்றிலொரு பங்கும் கரைந்துபோயிருக்கும். அணியின் வரவாகக் கல்லூரி எழுதிக்கொள்ளும் தொகை, உண்மையில் அந்தப் பிள்ளையின் எதிர்காலத்திலிருந்து எடுத்த முன்பணம். இந்த இழப்பை எந்தப் பேரேட்டிலும் நான் கண்டதில்லை.

கான்சாஸ் மாநிலத்தைப் பாருங்கள். அங்குள்ள சமுதாயக் கல்லூரிகளுக்கும் கவுண்டியின் சொத்து வரிதான் முக்கிய ஆதாரம். அங்கே அமெரிக்கக் கால்பந்து அணிகளில் வெளிமாநில வீரர்களின் எண்ணிக்கைக்கு நெடுங்காலம் ஒரு வரம்பு இருந்தது; 2016இல் அந்த மாநிலத்தின் விளையாட்டுக் கூட்டமைப்புக் கல்லூரிகள் அதை நீக்கின. உள்ளூர் விவசாயியின் வரியில் இயங்கும் கல்லூரி, நாடெங்கும் இருந்து வீரர்களைக் கொண்டுவந்து வெற்றிக் கோப்பையைத் தேடும் நிலை அதனால் வலுப்பெற்றது. 2018 ஆகஸ்டில் கார்டன் சிட்டி சமுதாயக் கல்லூரியில், நியூ ஜெர்சியிலிருந்து வந்து சேர்ந்திருந்த 19 வயது வீரர் ஒருவர் பயிற்சிக்குப் பிறகு சுருண்டு விழுந்து இறந்தார். கடும் உழைப்பினால் உண்டான வெப்பத் தாக்கு என்று பிணக்கூறாய்வு சொன்னது. உடனே பனிநீரில் உடலை அமிழ்த்திக் குளிர்வித்தால் பெரும்பாலும் உயிர் பிழைக்கக்கூடிய நிலை அது. ஒரு பெரிய தொட்டி, போதிய பனிக்கட்டி, அதை எப்போது பயன்படுத்துவது என்று அறிந்து அதற்கான அதிகாரமும் பெற்ற ஒரு விளையாட்டு மருத்துவப் பணியாளர் ஆகியவை அணியின் செலவுப் பட்டியலில் முதல் வரியாக இருக்க வேண்டும். அந்த வரியை எழுதப் பணமில்லாத கல்லூரிக்கு அணி நடத்தும் உரிமை இல்லை என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

கலிபோர்னியா வேறு வழியில் போகிறது. அங்குள்ள சமுதாயக் கல்லூரிகள் விளையாட்டு உதவித்தொகையே தருவதில்லை. தங்கள் மாவட்டத்துக்கும் அதை ஒட்டிய மாவட்டங்களுக்கும் அப்பால் போய் வீரர்களை அழைத்துவரவும் விதி இடம் தருவதில்லை. குறைகள் அங்கேயும் உண்டு; வெளியூரிலிருந்து தானாக வந்து சேரும் இளைஞர்கள் வாடகைக்கு வழியின்றி நெருக்கியடித்துத் தங்குவது அவற்றில் ஒன்று. ஆனாலும் உள்ளூர்ப் பிள்ளைக்காக உள்ளூர் வரி என்ற நியாயம் அங்கே பெரும்பாலும் காக்கப்படுகிறது.

எங்கள் மாரிகோபாவுக்கு வருகிறேன். மாநில அரசு இந்த மாவட்டத்துக்கான தன் இயக்க நிதியை 2015இல் முழுவதும் நிறுத்திவிட்டது. 2018 பிப்ரவரியில் மாவட்ட நிர்வாகம் மேசா, கிளெண்டேல், ஸ்காட்ஸ்டேல், பீனிக்ஸ் ஆகிய நான்கு கல்லூரிகளின் அமெரிக்கக் கால்பந்து அணிகளும் அந்த ஆண்டோடு முடியும் என்று அறிவித்தது. மொத்த விளையாட்டுச் செலவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலும், காப்பீட்டுச் செலவில் 90 விழுக்காடும் அந்த ஒரே விளையாட்டு எடுத்துக்கொள்கிறது என்பது நிர்வாகம் சொன்ன காரணம். இந்த நான்கும் விலகியதும் எதிரணி இல்லாமல் டூசானின் பீமா, யூமாவின் அரிசோனா வெஸ்டர்ன், தாட்சரின் ஈஸ்டர்ன் அரிசோனா கல்லூரிகளும் கால்பந்தைக் கைவிட்டன. ஒரு மாநிலத்தின் சமுதாயக் கல்லூரிக் கால்பந்தே ஓராண்டில் மறைந்துபோயிற்று. முடிவு தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அத்தனை ஆண்டுகளாகக் காப்பீட்டுச் செலவின் உண்மை அளவு பொதுமக்கள் முன் வைக்கப்பட்டிருந்தால், பேசித் தீர்க்கவும், வீரர்கள் மாற்றிடம் தேடவும் அவகாசம் கிடைத்திருக்கும்.

இதே ஸ்காட்ஸ்டேல் கல்லூரியில் 1970களின் தொடக்கத்தில், கல்வி உதவிகளைவிட விளையாட்டுக்கு நிர்வாகம் பணத்தை வாரி வழங்குகிறது என்று சினந்த மாணவர்கள், அணிச் சின்னத்துக்கான வாக்கெடுப்பில் ஆர்ட்டிசோக் என்ற காயைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்றும் அதுவே அந்தக் கல்லூரியின் சின்னம். பலர் அதை வேடிக்கைக் கதையாகச் சொல்வார்கள். நிதி ஒதுக்கீட்டைக் கேள்வி கேட்ட மாணவர்களின் நேர்மையான எதிர்ப்பாகவே நான் அதை மதிக்கிறேன்.

இவ்வளவும் சொன்ன பிறகும் அணிகள் வேண்டும் என்பதே என் நிலை. நிறவெறி மிகுந்திருந்த 1930களில், பின்னாளில் பேஸ்பாலின் நிறத்தடையை உடைத்த கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் முதலில் கால் பதித்த கல்லூரி மைதானம் பாசடினா இளநிலைக் கல்லூரியுடையது. அங்கிருந்துதான் அவர் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அப்படிப் புகழ் பெறாத ஆயிரமாயிரம் பேருக்கு, காலை ஆறு மணிப் பயிற்சிதான் எட்டு மணி வகுப்புக்குப் போகவைக்கும் காரணமாக இருக்கிறது. நூலகம் லாபம் ஈட்ட வேண்டும் என்று நாம் கேட்பதில்லை. அணியிடமும் கேட்க வேண்டாம். பொதுநிதியிலிருந்து இவ்வளவு கொடுக்கிறோம், இன்ன பயனுக்காகக் கொடுக்கிறோம் என்று சொன்னால் போதும். அப்படிச் சொல்லும்போது பெண்களின் பங்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சமுதாயக் கல்லூரி மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள், வீரர்களிலோ பெரும்பான்மை ஆண்கள். கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் 1972ஆம் ஆண்டுச் சட்டம் வந்து அரை நூற்றாண்டு கடந்த பிறகும் நிலை இதுதான்.

எங்கள் மாவட்டத்தின் ஆட்சிக் குழு உறுப்பினர்கள் ஏழு பேரும் மக்கள் வாக்கில் வருபவர்கள்; அவர்களின் கூட்டத்தில் யாரும் பெயர் கொடுத்துப் பேசலாம். அடுத்த வரவு செலவுத் திட்டத்தின்போது நான் எழுத்தில் கேட்கப்போவது இவற்றைத்தான்: ஒவ்வோர் அணிக்கும் பொதுநிதி எவ்வளவு போகிறது என்பதை வருவாயோடு கலக்காமல் தனி வரியில் காட்டுங்கள், தள்ளுபடி செய்த கட்டணத்தைச் செலவில் எழுதுங்கள், மூன்றாண்டுக்கு முன் அணியில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள் அல்லது நான்காண்டுப் படிப்புக்கு மாறினார்கள் என்பதை அதே பக்கத்தில் அச்சிடுங்கள், விளையாட்டு மருத்துவப் பணியாளரின் சம்பளத்தை முதலில் ஒதுக்கிவிட்டுப் பிறகு மற்றதைப் பிரித்துக் கொடுங்கள். இந்தக் கவுண்டியில் வசிக்கும் நண்பர்கள் யாரேனும் உடன் கையெழுத்திட விரும்பினால் தனிச்செய்தியில் எழுதுங்கள், வரைவை அனுப்பிவைக்கிறேன்.