மானிட்டர் திரைக்குப் போட்ட கவரை யார் கழற்றுவது?

ஆஸ்பத்திரிக் கருவிகளின் திரைகளுக்குப் போடுகிற, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் கவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். கருவிகளைப் பழுதுபார்ப்பது என் வேலை. அதனால் ஒரு திரையைப் பார்த்ததும் என் கண் அதன் ஓரத்துக்குத்தான் முதலில் போகும். கண்ணாடியும் சட்டமும் சேருகிற மெல்லிய இடுக்கு. ஜெல், காய்ந்துபோன மருந்துத் துளி, சில நேரம் ரத்தம், எல்லாம் கடைசியில் போய்த் தங்கும் இடம் அது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கவர்கள் தேவை. ஆனால் எல்லாத் திரைக்கும் தேவையில்லை. போட்டால் ஒவ்வொரு நோயாளிக்கும் புதிதாகப் போட வேண்டும். மாற்றுவதற்கு ஆள் வைக்க முடியாத இடத்தில் கவர் போடவே கூடாது.

திரைதானே, நோயாளியின் உடம்பிலா படுகிறது என்று கேட்கிறார்கள். மருத்துவப் பொருள்களை, தொற்று ஆபத்தைப் பொறுத்து, எர்ல் ஸ்பால்டிங் என்ற அமெரிக்க ஆய்வாளர் மூன்றாகப் பிரித்த முறையைத்தான் இன்றும் உலகம் முழுக்கப் பின்பற்றுகிறார்கள். ரத்தத்துக்குள்ளும் திசுவுக்குள்ளும் போகிறவை முதல் வகை, சளிச்சவ்வைத் தொடுகிறவை இரண்டாம் வகை, தோலை மட்டும் தொடுகிறவை மூன்றாம் வகை. மானிட்டர் திரை மூன்றாவது வகையிலும் கடைசியில் நிற்கிறது. ஆபத்து குறைவு என்ற கணக்கு அங்கிருந்து வருகிறது. அந்தக் கணக்கில் கையைச் சேர்த்துக்கொள்ள மறந்துவிடுகிறோம்.

ஐசியூவில் ஒரு நர்ஸ் சக்‌ஷன் போடுவதைக் கவனித்துப் பாருங்கள். தொடங்கும் முன் வென்டிலேட்டர் திரையில் நூறு சதவீத ஆக்ஸிஜன் பொத்தானை அழுத்துவார். சளியை உறிஞ்சி எடுப்பார். நடுவில் அலாரம் அடிக்கும், அதை நிறுத்த மறுபடியும் திரையைத் தொடுவார். கையில் அதே கிளவுஸ்தான் இருக்கும். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் கிளவுஸைக் கழற்றிக் கையைக் கழுவி வந்து அலாரத்தை நிறுத்துங்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. பிறகு டாக்டர் வந்து வெறும் விரலால் அதே பொத்தானைத் தொட்டு அளவை மாற்றுவார், அடுத்த படுக்கைக்குப் போவார். உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் கை சுத்தம் செய்ய வேண்டிய ஐந்து தருணங்களில் கடைசியாக, நோயாளியைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்ட பிறகு என்று இருக்கிறது. ஐந்தில் எளிதாக மறந்துபோவது அதுதான் என்று எனக்குப் படுகிறது. ஆளைத் தொடவில்லையே, பொத்தானைத்தானே தொட்டோம் என்று மனசு சொல்லும்.

உலர்ந்த பரப்பில் கிருமிகள் எவ்வளவு நாள் தாக்குப்பிடிக்கும் என்பதை 2006இல் கிராமர் என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் தொகுத்து வெளியிட்டார்கள். பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத எம்ஆர்எஸ்ஏ வகை ஸ்டாஃபிலோகாக்கஸ் 7 நாள் முதல் 7 மாதம் வரை. ஆஸ்பத்திரித் தொற்றுக்குப் பேர்போன அசினிடோபாக்டர் 3 நாள் முதல் 5 மாதம் வரை. கடும் வயிற்றுப்போக்கைத் தரும் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் கிருமியின் வித்துகள், அதாவது கெட்டியான உறைக்குள் உறங்கும் வடிவம், 5 மாதம். நோயாளி குணமாகி வீட்டுக்குப் போய், அதே படுக்கையில் வேறு பலர் வந்து போன பிறகும் அவருடைய கிருமி அந்தத் திரை ஓரத்தில் உயிரோடு இருக்கலாம்.

துடைத்தால் போதாதா? கவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே வரும் கேள்வி இது. நியாயமான கேள்வி. இங்கேதான் என் தொழில் அனுபவத்தை வைத்து நிறையப் பேச ஆசை.

கிருமிநாசினி எதுவானாலும் பரப்பு இவ்வளவு நேரம் ஈரமாக இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. பொருளைப் பொறுத்து ஒரு நிமிடம் முதல் பத்து நிமிடம் வரை ஆகும். ஸ்பிரிட் அதற்குள் ஆவியாகிப் போய்விடும். துடைத்தவர் துடைத்தேன் என்று மனசாரச் சொல்வார். ஆனால் மருந்து வேலை செய்ய நேரமே கிடைத்திருக்காது. டிஃபிசில் வித்துகளை ஸ்பிரிட் எவ்வளவு நேரம் இருந்தாலும் ஒன்றும் செய்யாது. அதற்குக் குளோரின் போன்ற வேறு மருந்து வேண்டும். குளோரினை உலோகத்தில் தொடர்ந்து தடவினால் அரிக்கும்.

அடுத்தது திரையின் பாடு. பல பழைய மானிட்டர்களில் முன்பக்கம் கண்ணாடி கிடையாது. அக்ரிலிக் அல்லது பாலிகார்பனேட். இவற்றில் ஆல்கஹாலும் சில ரசாயனங்களும் தொடர்ந்து படும்போது தலைமுடி அளவில் விரிசல் விழும். தூரத்தில் நின்று பார்த்தால் திரை மங்கலாக இருக்கிறது என்று மட்டும் தோன்றும். பக்கத்தில் வந்து விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் விரிசல்கள் தெரியும், அவற்றுக்குள் அழுக்கும் தெரியும். அதற்குப் பிறகு எவ்வளவு துடைத்தாலும் அந்தத் திரை சுத்தமாகாது. இன்னும் மோசம், மருந்தைத் துணியில் நனைக்காமல் நேராகத் திரையின் மேல் தெளிப்பது. திரவம் ஓரத்து இடுக்கில் இறங்கி உள்ளே போகிறது. யாரும் தொடாத இடத்தில் தொட்டது போலத் திரை நடந்துகொள்கிறது, அல்லது ஒரு மூலை மொத்தமாகச் செத்துப்போகிறது. பொத்தான்களுக்கு மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தோல் போன்ற தாள் உரிந்து எழும்பி, அதற்கடியில் என்னென்னவோ குடியேறுகிறது. திறந்து பார்க்கும்போது எனக்குக் கோபம் வருவதில்லை, பயம்தான் வருகிறது. அந்தப் பொத்தானை எத்தனை கைகள் அழுத்தியிருக்கும்!

ஆகவே சரியான இடத்தில் போட்ட கவர் நோயாளியையும் காப்பாற்றுகிறது, கருவியையும் காப்பாற்றுகிறது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2003இல் வெளியிட்ட மருத்துவமனைச் சூழல் தொற்றுக் கட்டுப்பாட்டு வழிகாட்டுதலும், கிளவுஸ் போட்ட கையால் அடிக்கடி தொடப்படும், ரத்தம் படக்கூடிய, சுத்தம் செய்யக் கடினமான பரப்புகளுக்கு இப்படி மறைப்பு போடச் சொல்கிறது. கணினிக் கீபோர்டை உதாரணமாகவே காட்டுகிறது. அதே வருடம் பல் மருத்துவத்துக்கென்று வந்த வழிகாட்டுதல் இன்னும் தெளிவு: நோயாளிக்கு நோயாளி மாற்று, கழற்றிய பிறகு அடியில் கறை பட்டிருக்கிறதா பார், பட்டிருந்தால் சுத்தம் செய், படாவிட்டாலும் நாள் முடிவில் ஒருமுறை கிருமிநீக்கம் செய்.

இதை மற்ற எல்லாரையும்விட நன்றாகச் செய்பவர்கள் பல் மருத்துவ அறைகளில் உதவியாளராக இருப்பவர்கள் என்பது என் எண்ணம். நோயாளி எழுந்ததும் விளக்கின் கைப்பிடி, நாற்காலிப் பொத்தான், திரை எல்லாவற்றிலும் இருக்கும் நீலத் தாளை உரித்து, கை கழுவி, புதுத் தாளைக் கிழித்து ஒட்டிவிட்டுத்தான் அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். அங்கே இது நடப்பதற்குக் காரணம் ஒரு நோயாளி எப்போது முடிகிறார், அடுத்தவர் எப்போது ஆரம்பிக்கிறார் என்பதில் குழப்பம் இல்லை.

ஐசியூவில் அந்த எல்லை கலைந்துவிடுகிறது. ஒருவர் இரண்டு வாரம் படுத்திருக்கிறார். கவரும் இரண்டு வாரம் இருக்கிறது. அவருக்கே உரிய கவர்தானே என்று வாதம் செய்யலாம், ஆனால் அழுக்கானால் மாற்ற வேண்டும் என்ற விதியின் மறுபாதியை யாரும் ஞாபகம் வைப்பதில்லை. படுக்கைக்குப் படுக்கை தள்ளிக்கொண்டு போகும் கருவிகளின் நிலை இதைவிட மோசம். அல்ட்ராசவுண்ட், ஈசிஜி, நடமாடும் எக்ஸ்ரே. ஒரு கை, உடம்பில் வைத்துப் பார்க்கும் ப்ரோபைப் பிடித்திருக்கும், ஜெல் பட்ட மறு கை படத்தை நிறுத்தும் ஃப்ரீஸ் பொத்தானை அழுத்தும். கவர் அதிகம் தேவைப்படும் இடமும் இதுதான், மாற்றாமல் விடுகிற இடமும் இதுதான்.

மாற்றாத கவர் வெறும் திரையைவிடக் கெடுதல் என்று நான் அடித்துச் சொல்வேன். வெறும் திரையில் கறை தெரிந்தால் யாராவது ஒருவர் துடைப்பார். கவர் போட்ட திரையை யாரும் துடைப்பதில்லை, அதான் கவர் இருக்கிறதே என்று விட்டுவிடுகிறார்கள். சுருக்கங்களில் அழுக்கு சேர்கிறது. மூலைகள் எழும்பி உள்ளே ஈரம் புகுகிறது. கிளவுஸிலும் இதே நடக்கிறது, கிளவுஸ் போடும்போது கை கழுவுவது குறைகிறது என்று ஆய்வுகளிலேயே பார்த்திருக்கிறார்கள்.

2020இல் கொரோனா வந்தபோது கண்ணில் பட்ட கருவியை எல்லாம் சமையலறை ஃபிலிமால் சுற்றினார்கள். அன்றைய பயத்தில் அது புரிந்துகொள்ளக்கூடியதே. அதைப் பழக்கமாக வைத்துக்கொள்வதைத்தான் எதிர்க்கிறேன். அந்த ஃபிலிம் காற்றுத் துவாரங்களையும் சேர்த்து மூடும், உள்ளே சூடு ஏறும். ஸ்பீக்கரை மூடினால் அலாரம் மந்தமாகும். அலாரத்தோடு எரியும் விளக்கு மங்கும். தொடுதிரையும் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. அழுத்தத்தில் வேலை செய்வது ஒன்று, விரலின் மின் தன்மையை உணர்வது இன்னொன்று. இரண்டாவது வகையில் ஃபிலிமுக்கும் கண்ணாடிக்கும் நடுவே காற்று நின்றால் தொட்டது பதிவாகாது, ஈரம் நின்றால் தொடாதது பதிவாகும். மருந்தை அளந்து ரத்தக்குழாயில் செலுத்தும் இன்ஃப்யூஷன் பம்பில் தளர்ந்த ஃபிலிமைப் போடுவதை நான் எங்கே பார்த்தாலும் தடுப்பேன். அங்கே ஒரு தசமப் புள்ளி தெரியாமல் போனால் மருந்தின் அளவு பத்து மடங்கு மாறிவிடும். எக்ஸ்ரே, சிடி படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் மானிட்டருக்கும் கவர் கூடாது. அங்கே சாம்பல் நிறத்தின் நுணுக்கம்தான் நோயைக் காட்டுகிறது.

ஆபரேஷன் தியேட்டரில் சி-ஆர்ம் என்ற நகரும் எக்ஸ்ரே கருவிக்கும் விளக்கின் கைப்பிடிக்கும் போடுவது ஸ்டெரைல் கவர், அதாவது முழுக்கக் கிருமி நீக்கியது. சாதாரணத் திரைக் கவர் ஸ்டெரைல் கிடையாது, அதைத் தொட்ட சர்ஜனின் கை அந்த நிமிடமே சுத்தம் இழந்துவிடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், உறையில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். உடலுக்குள் செலுத்தும் அல்ட்ராசவுண்ட் ப்ரோபுக்கு உறை போட்டிருந்தாலும், எடுத்த பிறகு உயர்நிலைக் கிருமிநீக்கம், அதாவது அநேகமாக எல்லாக் கிருமிகளையும் கொல்லும் சுத்தம், கட்டாயம். உறை கண்ணுக்குத் தெரியாமல் கிழியும்.

கழற்றும் விதமும் முக்கியம். கிளவுஸோடு மெதுவாக, வெளிப்பக்கம் உள்ளே போகும்படி சுருட்டி எடுக்க வேண்டும், உதறக் கூடாது. பிறகு கிளவுஸைக் கழற்றி, கை கழுவி, புதுக் கவர். நடைமுறையில் பழையதை உரித்த அதே கிளவுஸால் புதியதை ஒட்டுகிறார்கள். அப்படி ஒட்டிய கவர் முதல் நொடியிலேயே அசுத்தம்.

பிளாஸ்டிக் குப்பை பற்றிச் சுற்றுச்சூழல் நண்பர்கள் கேட்பதை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. பிவிசி பிளாஸ்டிக்கை எரித்தால் டையாக்ஸின் என்ற நச்சு வரும், அதனால் பாலிஎத்திலீனில் செய்த கவர் கிடைத்தால் அதையே வாங்கலாம். அதைவிட, தேவையில்லாத இடத்தில் போடாமல் இருக்கலாம். பொத்தானே இல்லாத, ஓரம் வரை ஒரே கண்ணாடியாக இருக்கும் திரைக்குச் சரியான வைப்ஸ், அதாவது மருந்தில் நனைத்த துடைப்புத் துணி, போதும். இடுக்கும் பொத்தானும் உள்ளவை, ரத்தமும் சளியும் பட்ட கையால் வேலைக்கு நடுவே தொடப்படுபவை, இவற்றுக்கு மட்டும் கவர்.

இனி தலைப்புக் கேள்வி. ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கு மெஷினைத் தொடப் பயம், ஏதாவது ஆகிவிட்டால் அவர் தலையில்தான் விழும். ஸ்டாஃப் நர்ஸுக்கு மூச்சுவிட நேரமில்லை. எங்களைப் போன்றவர்கள் ரிப்பேர் என்றால்தான் வருகிறோம். மூன்று பேரும் அடுத்தவர் செய்வார் என்று நினைத்து விலகிப் போவது யாருடைய சோம்பேறித்தனமும் இல்லை, வேலையைப் பிரித்துக் கொடுக்காத நிர்வாகத்தின் குறை. டிஸ்சார்ஜ் ஆனதும் செய்ய வேண்டியவை என்று ஒரு தாள் எல்லா வார்டிலும் இருக்கும். அதில் திரைக் கவர் மாற்றுவது ஒரு வரியாக, யார் செய்ய வேண்டும் என்பதோடு இருக்கட்டும். கவர் பெட்டி பூட்டிய ஸ்டோரில் இல்லாமல் படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். துடைக்கும்போது தவறுதலாக எதுவும் அழுந்தாமல் திரையைப் பூட்டும் வசதி பல மானிட்டர்களில் உண்டு. அதைக் ஹவுஸ்கீப்பிங் ஆட்களுக்கு ஒருமுறை காட்டிக் கொடுத்தால் அவர்களின் பயம் போகும்.

வாங்கும் குழுவில் இருப்பவர்கள், இந்தத் திரையை எந்தெந்த மருந்தால் துடைக்கலாம், எந்தக் கவர் போட்டுச் சோதித்திருக்கிறீர்கள் என்று கம்பெனிக்காரரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏற்கனவே வாங்கிவிட்ட கருவி என்றால் அதன் கையேட்டில் சுத்தம் செய்வது பற்றி ஒரு பகுதி கட்டாயம் இருக்கும். அதைப் பிரதி எடுத்து நர்ஸிங் ஸ்டேஷனில் ஒட்டிவையுங்கள். படிக்கப் புரியவில்லை என்றால் கருவிகளைப் பழுதுபார்க்கும் உங்கள் பயோமெடிக்கல் ஆட்களைக் கூப்பிடுங்கள், வந்து விளக்குவது எங்கள் வேலைதான்.