க்ளோஸ்டு பேக் கேட்டால் க்ளோஸ்டு பேக் சொல்லுங்கள்

"அதுக்கு ஓப்பன் பேக்கே வாங்கிடலாமே." இந்த வாக்கியத்தை இன்னொரு முறை என் காதில் யாராவது போட்டால், அதன்பிறகு நடப்பதற்கு நான் பொறுப்பில்லை.

கேட்டது ஒரே ஒரு கேள்வி, எந்த ஹெட்போன் வாங்கலாம் என்று. போனோடு வந்த இயர்போனை விட்டு ஒரு படி மேலே போக வேண்டும். பணம் கொஞ்சம்தான் இருக்கிறது. போனிலும் லேப்டாப்பிலும் நேராகச் செருகிக் கேட்க வேண்டும், ஒலியைப் பெருக்கித் தரும் ஆம்ப்பைத் தனியாக வாங்க வழியில்லை. கண்ணாடி போடுகிறவன். ராத்திரியில்தான் பாட்டுக் கேட்க நேரம் கிடைக்கிறது, அதே அறையில் இன்னொருவர் தூங்குகிறார். அதனால் க்ளோஸ்டு பேக், அதாவது காதை மூடும் கப்பின் பின்பக்கம் அடைத்திருக்கும் வகை. வேலை செய்யும் இடத்தில் ஹெட்போன் என்றாலே எல்லோரும் கைகாட்டும் ஒரு அண்ணனிடம் இவ்வளவையும் சொல்லிவிட்டுத்தான் கேட்டேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், தலையையும் ஆட்டினார்.

"எல்லாம் சரி தம்பி. ஆனா நல்ல சவுண்டு வேணும்னா ஓப்பன் பேக்தான்."

"அண்ணே, பக்கத்துல ஆள் தூங்குறாங்கண்ணே."

"வால்யூமைக் குறைச்சு வச்சுக்க."

எதைக் குறைப்பது? ஹெட்போனுக்குள் ஒலியை எழுப்பும் டிரைவர் முன்பக்கம் காற்றைத் தள்ளுகிற மாதிரியே பின்பக்கமும்தான் தள்ளுகிறது. ஓப்பன் பேக்கில் பின்னால் வெறும் வலை. அந்தச் சத்தம் நேராக அறைக்குள் போகும், அறைச் சத்தம் அதே வலை வழியாக என் காதுக்கு வரும். விசிறி ஓடினால் விசிறியும் சேர்ந்து பாடும். அதை அமுக்க வால்யூமைக் கூட்டினால் தூங்குகிறவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். ஓப்பன் பேக்கில் ஒலி விரிந்து, காற்றோட்டமாக இருக்கும் என்பதை நான் மறுக்கவே இல்லை. எனக்கு அது ஆகாது என்பதைத்தானே முதல் வரியிலேயே சொன்னேன்! குடை கேட்டவனிடம் விசிறியை நீட்டி, இதில்தான் காற்று வரும் என்றால் அவன் எங்கே போய் முட்டிக்கொள்வான்?

விட்டாரா? இல்லை. "அப்ப ஹெச்டி 600 பாரு. 1997லேருந்து இருக்கு, இன்னிக்கும் அதை அடிச்சுக்க ஆளில்ல." சென்ஹைசர் ஹெச்டி 600 அருமையான ஹெட்போன்தான். அதுவும் ஓப்பன் பேக். மின்தடை 300 ஓம் வேறு, போனில் நேராகச் செருகினால் சத்தம் போதாது. ஆம்ப் இல்லை என்றேன். ஆம்ப் ஒன்று வாங்கிக்கொள் என்றார். பணம் இல்லை என்றேன். கொஞ்ச நாள் சேர்த்து வை என்றார். அண்ணே, க்ளோஸ்டு பேக் என்று மறுபடி ஆரம்பித்தேன். பெரிய மனது வைத்து இறங்கி வந்தார்.

"சரி, உன் இஷ்டம். டிடி 770 ப்ரோ எடுத்துக்க."

அப்பாடா என்று மூச்சு விட்டேன். பேயர்டைனமிக்கின் டிடி 770 ப்ரோ உண்மையிலேயே க்ளோஸ்டு பேக். மெத்தென்ற வெல்வெட் மாதிரி துணிக் குஷன், கண்ணாடிக்காரர்களுக்கும் பரவாயில்லை என்பார்கள். ஆனால் அடுத்த நொடியே, "250 ஓம் எடு, மத்ததெல்லாம் வேஸ்ட்" என்றார்.

அது 32, 80, 250 ஓம் என்று வகை வகையாக வந்திருக்கிறது. போனில் செருகப்போகிறவனுக்கு எது என்பது பள்ளிக்கூடக் கணக்கு. ஹெட்போன் செருகும் ஓட்டையான ஜாக்கில் அரை வோல்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 250 ஓமில் அது 1 மில்லிவாட். 32 ஓமில் அதே அரை வோல்ட் கிட்டத்தட்ட 8 மில்லிவாட். எட்டு மடங்கு! இரண்டும் ஒரே ஜாக், ஒரே போன், ஒரே பாட்டு. 250 ஓம்காரன் வால்யூமைக் கடைசிவரை தள்ளிவிட்டு, ஏன் இவ்வளவு மெதுவாகக் கேட்கிறது என்று விழிப்பான். அப்புறம் அவனிடமே வந்து "நான்தான் ஆம்ப் வாங்கச் சொன்னேனே" என்பார்கள். ஓம் கூடினால் தரம் கூடும் என்று யார் கிளப்பிவிட்டது?

கடைசியில் அவருடைய ஹெட்போனையே மாட்டிப் பார்க்கச் சொன்னார். மாட்டினேன். கண்ணாடியின் காது கம்பி மேல் குஷன் ஏறி நிற்கிறது. நெற்றிப்பொட்டுப் பக்கம் ஒரு மெல்லிய இடைவெளி. பாட்டில் மேளம் எங்கோ பக்கத்துத் தெருவில் அடிக்கிற மாதிரி இருக்கிறது. இரண்டு கப்பையும் உள்ளங்கையால் அழுத்தினேன். பேஸ், அதாவது அடி ஒலி, திடுமென்று வந்து நின்றது. கையை எடுத்தேன், ஓடிவிட்டது. கண்ணாடியைக் கழற்றினேன், அழுத்தாமலே திரும்ப வந்தது. இதைவிடத் தெளிவாக ஒரு விஷயத்தை யாருக்காவது காட்ட முடியுமா? க்ளோஸ்டு பேக்கில் பேஸ் என்பது குஷன் காதைச் சுற்றி அடைத்துக்கொண்டு நிற்பதில் இருக்கிறது. அந்த அடைப்பில் சின்ன ஓட்டை விழுந்தாலும் முதலில் கழன்று போவது அடி ஒலிதான். அண்ணனிடம் காட்டினேன்.

"இது புதுசு தம்பி. பர்ன் இன் ஆகல. நூறு மணி நேரம் ஓடினா பேஸ் தானா வந்துடும்."

நூறு மணி நேரம் ஓடினால் என் கண்ணாடிக் கம்பி கரைந்துவிடுமா? கண்ணுக்கு நேரே ஓட்டை தெரிகிறது, கை வைத்தால் அடைபடுகிறது, அதற்கும் பர்ன் இன்! அங்கேயே கழற்றி அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

சரி, ஆளை விடு, பெட்டியில் போட்டிருப்பதைப் படித்தே வாங்குவோம் என்று பார்த்தால் அங்கே அதைவிட மோசம். 5 முதல் 40,000 ஹெர்ட்ஸ் வரை என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். மனிதக் காதுக்கு 20 முதல் 20,000தான் கணக்கு, வயது ஏற ஏற மேல்பக்கம் அதுவும் குறையும். அந்த 5க்கும் 40,000க்கும் இடையில் ஒலி எத்தனை டெசிபல் ஏறி இறங்குகிறது என்று சொல்லாவிட்டால் அந்த எண்களுக்கு அர்த்தமே கிடையாது. அடுத்து, 50 மிமீ டிரைவர். 40 மிமீ டிரைவர் வைத்த சோனி எம்டிஆர் 7506 1991இலிருந்து ஒலிப்பதிவுக் கூடங்களில் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. டிரைவரின் அளவை வைத்து ஒலியைச் சொல்ல முடியாது என்பதற்கு வேறென்ன வேண்டும்?

எனக்கு வேண்டியது எதையுமே போடுவதில்லை. குஷனின் உள்பக்கம் எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம், என் காது மடல் உள்ளே அடங்குமா? தலையை எவ்வளவு இறுக்கும்? குஷன் உரிந்துபோனால் தனியாகக் கிடைக்குமா? ஒயரைக் கழற்ற முடியுமா? பெரும்பாலும் ஹெட்போன் சாவது ஒயரில்தான். ஆடியோ டெக்னிகாவின் ஒரே வரிசையில் எம்20எக்ஸில் ஒயர் கழலாது, எம்40எக்ஸில் கழலும், அதுவும் திருகிப் பூட்டும் தனி வகை 2.5 மிமீ முனை. முதல்முறை வாங்குகிறவனுக்கு இதை யார் சொல்வது?

விலையைப் பார்த்து வாங்கு என்கிறவர்கள் வேறு. 2017இல் ஜெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன், இயர்போன்களின் அளவீடுகளை எடுத்துப் பார்த்தார். விலைக்கும் அதிர்வெண் வாரியாக ஒலி வெளிப்படும் விதத்துக்கும் தொடர்பே தெரியவில்லை. இது தெரிந்த பிறகும் ஒருவனிடம் "இன்னும் கொஞ்சம் போட்டா நல்லதா வாங்கலாம்" என்று சொல்ல எப்படி வாய் வருகிறது? அந்த "இன்னும் கொஞ்சம்" எங்கே போய் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். முதல் ஹெட்போன் வாங்க வந்தவன் ஒரு வருஷம் கழித்தும் வாங்காமலே இருப்பான், போனோடு வந்த இயர்போனில் ஒரு பக்கம் மட்டும் கேட்டுக்கொண்டு.

அவனிடம் கேட்க வேண்டியது மூன்றே விஷயம். எங்கே உட்கார்ந்து கேட்பாய், எதில் செருகுவாய், கண்ணாடி போடுவாயா. அதற்குமேல் குறைந்த ஓமில், குஷன் மாற்றக்கூடியதாக ஒன்றைக் காட்டி, மாட்டிப் பார், உள்ளங்கையால் அழுத்திப் பார், பேஸ் மாறாவிட்டால் எடுத்துக்கொள் என்று சொன்னால் முடிந்தது. ஐந்து நிமிஷ வேலை.

இவ்வளவும் தாண்டி ஒன்றை வாங்கினாலும் அடுத்த போனில் செருக ஓட்டை இருக்குமா? 2016இல் ஐபோன் 7இல் ஜாக்கை எடுத்தார்கள், பின்னாலேயே ஒவ்வொருவராக எடுத்தார்கள். சரி, டைப் சி ஓட்டையில் செருகி ஜாக்காக மாற்றும் அடாப்டர் வாங்கலாம் என்றால் அதிலும் இரண்டு ஜாதி. ஒன்றின் உள்ளே டிஜிட்டலை ஒலியாக்கும் டாக் சிப் இருக்கும், இன்னொன்றில் வெறும் கம்பி. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி, ஒரே கறுப்பு வால். வெறும் கம்பி வகையைப் பல போன்கள் ஏற்காது, செருகினால் சத்தமே வராது. "டாக் உள்ளது", "டாக் இல்லை" என்று அட்டையில் ஒரு வரி அச்சடிக்க என்ன கேடு? தண்ணீரில் நனைக்காதே, குழந்தை வாயில் வைக்கவிடாதே என்று பன்னிரண்டு மொழியில் அச்சடிக்க இடம் இருக்கிறதல்லவா, அதில் ஒரு ஓரத்தில் போடுங்களேன்!